வீட்டில் ஒரு இதயப் பம்ப்: ஆளிடம் கேட்டுவிட்டு பெட்டியைத் தொடுங்கள்

என் மாமனார் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் வீட்டில் மூன்றரை வருடம் இதயப் பம்ப்புடன் இருந்தார். டிரஸ்ஸிங் மாற்றியது, பேட்டரி எண்ணியது, நடு ராத்திரி அலாரத்துக்கு எழுந்து ஓடியது எல்லாம் நானும் என் கணவரும்தான். அதற்கப்புறம் டர்பனிலேயே இன்னும் இரண்டு குடும்பங்களுக்கு வீட்டைத் தயார் செய்ய உதவினேன். நாங்கள் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் அவர்களும் விழுந்தார்கள். முக்கால்வாசித் தப்புகள் வேலையை வரிசை மாற்றிச் செய்ததால் வந்தவை.

இங்கே சொல்வது ஹார்ட்மேட் 3 பம்ப்பை வைத்து. உங்கள் ஆஸ்பத்திரியின் பம்ப் குழு வேறு மாதிரி சொன்னால் அவர்கள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

எல்லாருக்கும் முதலில் புரிய வேண்டியது இவ்வளவுதான். பம்ப் இதயத்தின் இடது கீழறையில் உட்கார்ந்து, ரத்தத்தை எடுத்து மகாதமனிக்குத் தள்ளுகிறது. வயிற்றுத் தோல் வழியாக டிரைவ்லைன் என்ற கேபிள் வெளியே வந்து, இடுப்பில் இருக்கும் கன்ட்ரோலர் என்ற பெட்டியில் சேர்கிறது. கன்ட்ரோலருக்கு மின்சாரம் இரண்டு பேட்டரியிலிருந்து வரும், அல்லது சுவரில் சொருகும் யூனிட்டிலிருந்து வரும். பம்ப் விடாமல் ஓடுவதால் கையில் நாடி பெரும்பாலும் கிடைக்காது. வலது பக்க இதயம் தன் வேலையைத் தானேதான் பார்க்க வேண்டும், அதற்கு இந்தப் பம்ப் உதவாது.

1. ஆபரேஷன் கையெழுத்துக்கு முன்னால் அவரிடம் பேசுங்கள்

எல்லா வீட்டிலும் முதல் தப்பு இங்கேதான். பிள்ளைகள் டாக்டரிடம் பேசுகிறார்கள், மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீட்டுக்காரரிடம் பேசுகிறார்கள், ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் சித்தப்பாவிடம் பேசுகிறார்கள். படுத்திருப்பவரிடம் மட்டும் "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

மூன்று கேள்விகளை அவரிடமே கேளுங்கள். மூச்சு வாங்காமல் இருந்தால் எதைச் செய்ய ஆசை? எதைத் தாங்கிக்கொள்ளத் தயார்? எந்த நிலை வந்தால் போதும் என்று சொல்வீர்கள்? பதிலை ஒரு நோட்டில் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். நாங்கள் திருத்தி எழுதினோம், பிறகு அவர் படித்துவிட்டு அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார்.

இந்தப் பதில்கள் பின்னால் வரும் எல்லா முடிவையும் மாற்றும், அதனால்தான் இது முதலில். மாமாவின் பதில், "மறுபடியும் தூண்டில் போடணும்." அவர் ஐம்பது வருடமாக ஷேட் மீன் பிடித்தவர். பம்ப் வைத்தவர் கடலில் இறங்கக் கூடாது, நீந்தக் கூடாது, தொட்டியில் உட்கார்ந்து குளிக்கவும் கூடாது. இது தெரியாமல் கையெழுத்துப் போட்டிருந்தால், ஏமாற்றிவிட்டோம் என்றே நினைத்திருப்பார். முன்கூட்டியே பேசியதால், அலை அடிக்காத இடம், கூட ஒரு ஆள் என்று குழுவிடமிருந்து அனுமதி வாங்க முடிந்தது. புளூ லகூன் கரையில் மடக்கு நாற்காலி போட்டுப் பிடித்தார்.

இன்னொன்றும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்: இந்தப் பம்ப் மாற்று இதயம் கிடைக்கும்வரைக்குமா, கடைசிவரைக்குமா? இரண்டுக்கும் குடும்பம் செய்ய வேண்டிய ஏற்பாடு வேறு. குழுவே தெளிவாகச் சொல்லாவிட்டால் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

2. தாள் வேலை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருக்குப் பேச முடியாமல் போனால் யார் முடிவெடுப்பது என்பதை அவரே எழுதிக் கையெழுத்திட வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 2003ஆம் வருடத்துத் தேசிய சுகாதாரச் சட்டப்படி அப்படி எழுதிக் கொடுக்கப்பட்டவருக்கே முதல் உரிமை. எழுதி வைக்காவிட்டால் கணவன் அல்லது மனைவி, பிறகு பெற்றோர், தாத்தா பாட்டி, வயதுவந்த பிள்ளை, உடன்பிறந்தவர் என்று அந்த வரிசையில் போகும். மூத்த மகன்தான் பேசுவான் என்பது நம் வழக்கம். சட்டத்தில் அப்படி இல்லை.

மெடிக்கல் எய்டின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். ஆபரேஷனுக்கு மட்டும் கேட்டால் போதாது. மாதாமாதம் வரும் டிரஸ்ஸிங் சாமான், பழசான பேட்டரிக்கு மாற்று, ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் சோதனை, ஊர்விட்டு ஊர் போய்வரும் செலவு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

3. ஆள் வீட்டுக்கு வருமுன் மின்சாரம்

இந்த ஊரில் இதுதான் பெரிய பாடம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். வீட்டு மின்சாரத்தை ஆபரேஷனுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஆள் வந்த பிறகு எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்து வேலை செய்வது வேண்டாத வம்பு.

முதலில் அறையில் இருக்கும் பிளக்கைப் பாருங்கள். சுவர் யூனிட்டை சுவிட்ச் வைத்த பிளக்கில் சொருகக் கூடாது என்பது விதி. ஆனால் நம் ஊரில் எந்தப் பிளக்குக்குத்தான் சுவிட்ச் இல்லை? கூட்டுகிறவர் கைபட்டு அணைந்தால் போச்சு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, படுக்கைக்குப் பக்கத்தில் சுவிட்ச் இல்லாத, எர்த் சரியாக உள்ள தனிப் பிளக் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். மல்டிபிளக், எக்ஸ்டென்ஷன் வயர், அடாப்டர் எதுவும் நடுவில் வேண்டாம். எங்கள் வீட்டில் முதல் வாரமே சுவிட்ச் அணைந்தது, அணைத்தது நான்தான்.

அடுத்தது இன்வெர்ட்டர். சுத்தமான சைன் அலை கொடுக்கும் வகை வேண்டும், அதை வாங்குமுன் மாடல் விவரத்தைக் குழுவுக்கு அனுப்பிச் சரி கேளுங்கள். சுவர் யூனிட்டும் பேட்டரி சார்ஜரும் மட்டும் அதில் இருக்கட்டும். டிவியையும் ஃப்ரிட்ஜையும் சேர்த்தால் விடிவதற்குள் காலியாகிவிடும். போன மின்சாரம் திரும்பி வரும்போது அழுத்தம் எகிறும் என்பதால் வீட்டு மின்சாரம் பிரியும் டிபி போர்டிலேயே சர்ஜ் ப்ரொடெக்டர் வைப்பது நல்லது.

லோட்ஷெட்டிங் (முறைவைத்து மின்சாரத்தை வெட்டுவது) நேரத்தை எஸ்காம்-சே-புஷ் ஆப்பில் பார்க்கலாம். 2023இல் ஸ்டேஜ் 6 என்ற கடுமையான வெட்டெல்லாம் பார்த்துவிட்டோம், அதன் பிறகு குறைந்திருக்கிறது. அதை நம்பி ஏற்பாட்டைத் தளர்த்தாதீர்கள், ஏனென்றால் கேபிள் திருட்டுக்கும் புயலுக்கும் நேர அட்டவணை கிடையாது. முனிசிபாலிட்டிக்குக் கடிதம் எழுதினால் நம் வீட்டை விட்டுவிடுவார்கள் என்றும் சிலர் நினைக்கிறார்கள். பகுதி பகுதியாக அணைக்கும்போது ஒரு வீட்டை மட்டும் பிரித்து விட முடியாது.

ப்ரீபெய்டு மீட்டர் உள்ள வீடா? அப்படியானால் யூனிட் தீர்வதும் மின்வெட்டுதான். ஒரு குறைந்தபட்ச அளவை மீட்டர் மேலேயே எழுதி ஒட்டி, அதற்குக் கீழே போக விடாதீர்கள். நாங்கள் ஒரு சனிக்கிழமை ராத்திரி இதில் மாட்டினோம். இன்வெர்ட்டர் காப்பாற்றியது.

இப்போது பேட்டரிக் கணக்கு. ஒரு ஜோடி அதிகபட்சம் 17 மணி நேரம் ஓடும் என்பார்கள். பழைய பேட்டரியும் வெயிலும் சேர்ந்தால் அவ்வளவு வராது, நான் 10 மணி என்றே கணக்கு வைத்தேன். சார்ஜர் ஒரே நேரத்தில் 4 பேட்டரியை ஏற்றும், ஏறக்குறைய 4 மணி நேரம் ஆகும். அதனால் மின்சாரம் இருக்கும்போதெல்லாம் சார்ஜர் நிரம்பியே இருக்க வேண்டும். "தேவைப்படும்போது போடலாம்" என்ற பேச்சே கூடாது.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்தக் கணக்கெல்லாம் சோதனைக்கு வந்தது. எங்கள் தெருவில் மின்சாரம் நாள்கணக்கில் இல்லை. முன்பே பேசி வைத்திருந்த மூன்று இடங்கள் கைகொடுத்தன: சோலார் வைத்திருந்த ஒரு சொந்தக்காரர் வீடு, ஜெனரேட்டர் உள்ள ஒரு கோவில் மண்டபம், பக்கத்து ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சி. உங்களுக்கும் மூன்று இடம் இருக்கட்டும், மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டாம். பாலம் போனால் மூன்றும் சேர்ந்தே போகும். டோங்காட் பக்கம் அந்த வருடம் குழாயில் மாதக்கணக்கில் தண்ணீர் வரவில்லை. டிரஸ்ஸிங்குக்குக் கை கழுவ என்றே மூடிய கேனில் தண்ணீர் ஒதுக்கி வையுங்கள்.

4. டிஸ்சார்ஜுக்கு முன் இரண்டு பேர் பழக வேண்டும்

ஒருவர் மட்டும் கற்றுக்கொண்டால் அவருக்குக் காய்ச்சல் வந்த அன்று வீடு நின்றுவிடும். இரண்டு பேர், கூடவே பம்ப் வைத்தவர். மூன்றாவதாக அவரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாதி வீடுகளில் மருமகளோ மகளோ எல்லாவற்றையும் தானே செய்துவிட, அவர் தன் உடம்புக்கே விருந்தாளி ஆகிவிடுகிறார். நான் கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருநாள் மாமா சொன்னார், "என்னைக் கேளும்மா, பெட்டியைக் கேட்காதே." அன்றிலிருந்து பேட்டரி மாற்றுவது அவர் வேலை, கூட நிற்பது மட்டும் என் வேலை.

பேட்டரி மாற்றுவதைக் குழுவின் முன்னால் செய்து காட்டியே டிஸ்சார்ஜ் வாங்குங்கள். முறை இது: உட்கார்ந்துகொள்ள வேண்டும். புது பேட்டரியின் பட்டனை அழுத்தி நாலு விளக்கும் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றை எடுத்து, புதியதை கிளிப்பில் சொருகி, மெல்ல இழுத்துப் பிடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகே இரண்டாவதைத் தொட வேண்டும். நடுவில் கன்ட்ரோலர் கத்தும், அது கத்தட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றவே கூடாது. கன்ட்ரோலருக்குள் இருக்கும் அவசர பேட்டரி 15 நிமிடம்தான் தாங்கும், அதை நம்பி வேலை செய்வது ரயில் வரும்போது தண்டவாளத்தைக் கடப்பது மாதிரி.

தூங்கும்போது சுவர் யூனிட்டில் இருக்க வேண்டும், பேட்டரியில் அல்ல. அசந்து தூங்குகிறவருக்கு பேட்டரி குறைந்த சத்தம் காதில் விழாமல் போகலாம். மதியம் சோபாவில் கண் அசருகிறவர்களை இதில் குறிப்பாகக் கவனியுங்கள்.

5. காலை வரிசை

எழுந்ததும் முதலில், "எப்படித் தூங்கினீங்க?" எண்கள் அப்புறம். கேலியாகத் தோன்றலாம். ஆனால் தலை லேசாகச் சுற்றுகிறது, கால் கனமாக இருக்கிறது என்ற பேச்சு எண்களுக்கு முன்பே வந்துவிடும்.

பிறகு எடை, ஒரே தராசில், சிறுநீர் கழித்த பின், காப்பிக்கு முன். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் குழுவுக்குப் போன். கால் வீக்கமும் வயிறு உப்பலும் சேர்ந்தால் வலது இதயம் திணறுகிறது என்று அர்த்தமாகலாம்.

கன்ட்ரோலரில் வேகம், ஓட்டம், பவர், பல்சடிலிட்டி (துடிப்பின் ஏற்ற இறக்கம்) எண்களை நோட்டில் எழுதுங்கள். ஒருநாள் எண்ணைப் பார்த்துப் பயப்படுவதில் பயனில்லை. அவருக்கு வழக்கமான எண் எது என்று தெரிந்தால்தான் மாறுவது தெரியும். பேட்டரி பட்டனை 5 விநாடி அழுத்திப் பிடித்தால் கன்ட்ரோலர் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும், இதுவும் தினமும்.

வீட்டு பிபி மெஷின் பெரும்பாலும் எரர் காட்டும். ரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்கும் டாப்ளர் கருவி வைத்துத்தான் சரியாக எடுக்க முடியும். சராசரி அழுத்தம் 90க்கு மேல் போகாமல் இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு, மூளைப் பக்கவாத ஆபத்து அதில்தான் இருக்கிறது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரையும் நம்ப முடியாது. பக்கத்து கிளினிக்கில் புதிதாக வரும் நர்ஸ் நாடி இல்லை என்று பதறுவார், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

6. கேபிள் வெளியே வரும் இடம்

கேபிள் இழுபடுவதிலிருந்துதான் பாதித் தொல்லை தொடங்குகிறது. இழுபட்டால் தோல் கிழியும், கிழிந்த இடத்தில் கிருமி நுழையும், அது உள்ளே பம்ப் வரை போனால் பிறகு ஆயுசுக்கும் மருந்து. அதனால் டிரஸ்ஸிங்கைவிட முக்கியம், கேபிளை வயிற்றில் பட்டையால் இறுக்கமாகப் பிடித்து வைப்பது. கதவுக் கைப்பிடி, கார் சீட் பெல்ட், மடியில் ஏறும் பேரப்பிள்ளை மூன்றும் எதிரிகள். லுங்கி கட்டுகிறவர்கள் முடிச்சை கேபிள் இல்லாத பக்கம் போடட்டும்.

டிரஸ்ஸிங் போடும்போது இருவருமே மாஸ்க், ஜன்னலை மூடி, ஃபேனை அணைத்து, நாய் வெளியே. கை கழுவி, பழைய கட்டை எடுத்து, மறுபடி கை கழுவி, ஸ்டெரைல் கையுறை. இரண்டாவது கை கழுவலைத்தான் எல்லாரும் விடுகிறார்கள்.

அப்புறம், மஞ்சள் வேண்டாம். விபூதி, தேங்காய் எண்ணெய், யாரோ கொடுத்த களிம்பு எதுவும் வேண்டாம். என் அத்தை மூன்று நாள் ரகசியமாக மஞ்சள் தடவிவிட்டார். திட்டிப் பயனில்லை, அவருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று இருந்தது. டிரஸ்ஸிங் நாளில் மாமாவின் கையைப் பிடித்துக்கொள்ளும் வேலையை அவருக்குக் கொடுத்தோம், மஞ்சள் நின்றது. சிவப்பு, சீழ், வலி, காய்ச்சல் எது வந்தாலும் படம் எடுத்து அன்றே அனுப்புங்கள்.

7. வார்ஃபரின், சாப்பாடு, விரதம்

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின். ஐஎன்ஆர் பொதுவாக 2.0க்கும் 3.0க்கும் நடுவில் இருக்க வேண்டும். கீழே போனால் பம்ப்பில் ரத்தக் கட்டி, மேலே போனால் ரத்தக் கசிவு.

கீரையை அடியோடு நிறுத்துவது அடுத்த பெரிய தப்பு. இங்கே ஹெர்ப்ஸ் என்று சொல்லும் தண்டுக்கீரை, முருங்கைக்கீரை இவற்றில் வைட்டமின் கே உண்டு, அது மருந்தின் வேகத்தைக் குறைக்கும். ஆனால் அளவு ஒரே மாதிரி இருந்தால் மருந்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். மாதம் முழுக்கக் கீரையே இல்லாமல் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டு சாப்பிட்டால்தான் எண் சட்டென்று இறங்கும். எங்களுக்கு இது புரட்டாசியில் புரிந்தது. வீடே சைவத்துக்கு மாறி, கறிக்குப் பதில் தினமும் கீரை. இரண்டாவது வாரமே ஐஎன்ஆர் கீழே. அடுத்த வருடம் புரட்டாசி தொடங்கும் முன்பே குழுவிடம் சொன்னோம், சோதனையை நெருக்கிவைத்தார்கள், மாமா விரதத்தை முழுசாக இருந்தார்.

தலைவலிக்கு நம் வீடுகளில் கைபோவது கிராண்ட்-பா பொடிக்கு. அதில் ஆஸ்பிரின் இருக்கிறது, வீட்டிலிருந்தே அகற்றுங்கள். டிஸ்பிரினையும் ஐப்யூப்ரோஃபெனையும்கூட அகற்றுங்கள். ஆன்டிபயாட்டிக் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் ஐஎன்ஆர் பாருங்கள். பூண்டு மாத்திரை, மூலிகைச் சூரணம் எல்லாம் கேட்டுவிட்டுத்தான்.

தண்ணீர் இல்லாத விரதம் ஆகாது. பம்ப் உறிஞ்ச ரத்தம் இருக்க வேண்டும். உடம்பில் நீர் வற்றினால் ஓட்டம் குறையும், அலாரம் அடிக்கும். தைப்பூசம் டர்பனின் புழுக்கத்தில் வருகிறது, வயிற்றுப்போக்கு நாளும் அப்படித்தான். எவ்வளவு குடிக்கலாம் என்ற அளவைக் குழுவிடம் கேளுங்கள், அதிகமும் தொல்லையே.

காவடியைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். அலகு குத்தக் கூடாது, வார்ஃபரின் எடுக்கிறவருக்கு அதில் பேச்சே இல்லை. தீமிதியும் வேண்டாம். ஆனால் "கோவிலுக்கே வராதீங்க" என்று யாரும் சொல்லத் தேவையில்லை. மாமா கையில் சின்னச் செம்பில் பால் ஏந்தி, கடைசி நூறு அடி மட்டும் நடந்தார். கூட என் கணவர், மாற்று கன்ட்ரோலரும் பேட்டரியும் உள்ள ஸ்பேர் பையுடன். அந்த நூறு அடியும் நோட்டின் முதல் பக்கத்தில் அவர் எழுதச் சொன்னதுதான்.

8. அலாரம்

மஞ்சள் விளக்கென்றால் கவனித்து, திரையைப் படித்து, போன் செய்யும் நேரம் இருக்கிறது. கன்ட்ரோலரில் சிவப்பு இதய வடிவ விளக்கு எரிந்து விடாமல் கத்தினால் ஓட்டம் நிமிடத்துக்கு 2.5 லிட்டருக்குக் கீழே போயிருக்கலாம் அல்லது பம்ப் நின்றிருக்கலாம். பேட்டரிக்குத் தனி அடையாளம்: மஞ்சள் வைர வடிவ விளக்கு என்றால் பேட்டரியில் 15 நிமிடத்துக்கும் குறைவு, சிவப்பு பேட்டரி வடிவ விளக்கு என்றால் 5 நிமிடத்துக்கும் குறைவு.

எந்த அலாரத்துக்கும் வரிசை ஒன்றுதான். முதலில் முகத்தைப் பாருங்கள், பேசுகிறாரா? பிறகு கேபிள்கள், டிரைவ்லைன் சொருகிய இடம், இரண்டு பவர் கேபிள். பிறகு பவரை மாற்றுங்கள், சுவரிலிருந்தால் பேட்டரிக்கு. அப்புறம் குழுவுக்குப் போன். கன்ட்ரோலரை மாற்றுவது அவர்கள் போனில் சொல்லும்போது மட்டும். பதற்றத்தில் நல்ல கன்ட்ரோலரைக் கழற்றியவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

மயங்கிக் கிடந்தால் நெஞ்சில் காது வைத்து பம்ப்பின் இரைச்சல் கேட்கிறதா பாருங்கள், ஆம்புலன்ஸுக்கு 10177 அல்லது செல்லிலிருந்து 112 அழையுங்கள். நெஞ்சை அழுத்தலாமா என்பதைக் குழுவிடம் முன்பே கேட்டு எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஆம்புலன்ஸ்காரரிடம் கொடுக்க ஒரு தாள்: நாடி இருக்காது, எம்ஆர்ஐ கூடாது, ஸ்பேர் பையையும் ஏற்ற வேண்டும்.

அலாரம் இல்லாமலே போன் செய்ய வேண்டியவை: கருப்பு மலம், கோலா நிறச் சிறுநீர், வாய் கோணல், பேச்சுக் குழறல். இவற்றுக்குக் காலை வரை காத்திருக்கக் கூடாது.

9. வெளியே போவது

வாசலைத் தாண்டினாலே ஸ்பேர் கன்ட்ரோலர், ஒரு ஜோடி முழு பேட்டரி, கிளிப், போன் எண் தாள். கடைக்குப் போய்விட்டு ஐந்து நிமிடத்தில் வருவதானாலும் சரி. பை காரின் டிக்கியில் வெயிலில் கிடக்கக் கூடாது, 40 டிகிரிக்கு மேல் பேட்டரிக்கு ஆகாது. ஜோகன்னஸ்பர்க்கின் காய்ந்த குளிர்காலத்தில் துணியிலும் கம்பளத்திலும் ஸ்டேட்டிக் மின்சாரம் தட்டும், அதையும் கவனியுங்கள்.

10. நிறுத்துவதைப் பற்றிய பேச்சு

முதல் பகுதியின் மூன்றாவது கேள்வியை வருடம் ஒருமுறையும், ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசத்துக்குப் பிறகும் திரும்பக் கேளுங்கள். பதில் மாறும், மாற உரிமை உண்டு. வலி குறைக்கும் பேலியேட்டிவ் குழுவைக் கடைசி வாரத்துக்கு என்று வைக்காமல் முதலிலிருந்தே அறிமுகப்படுத்துங்கள்.

பம்ப் நின்றால் பலருக்கு நிமிடங்களிலேயே முடிந்துவிடும், சிலருக்கு மணிக்கணக்கில் ஆகலாம். அதனால் நிறுத்துவது என்று அவர் முடிவெடுத்தால், மூச்சுத் திணறலுக்கும் பதற்றத்துக்கும் மருந்து கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்கிய பிறகே குழு நிறுத்த வேண்டும். அலாரத்தையும் முன்னதாகவே அடக்கச் சொல்லுங்கள். அந்தச் சத்தத்தோடு யாரும் விடைபெற வேண்டாம்.

யாரும் சொல்லாத ஒரு விஷயம் தகனம். நெஞ்சில் ஐசிடியோ (ஷாக் கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் கருவி) பேஸ்மேக்கரோ இருந்தால் தகனத்துக்கு முன் எடுத்தாக வேண்டும், சூட்டில் வெடிக்கும். வெளியே உள்ள கன்ட்ரோலரும் பேட்டரியும் உடம்போடு போகக் கூடாது. ஈமச் சடங்கு நடத்துபவரிடம் முதல் போனிலேயே இதைச் சொல்லுங்கள், ஏனென்றால் மறுநாளே தகனம் வைப்பது நம் பழக்கம், எடுப்பதற்கு ஆள் ஏற்பாடு செய்ய நேரம் வேண்டும். மாமாவுக்கு நாங்கள் மாலையில்தான் சொன்னோம். சடங்கு பாதி நாள் தள்ளிப்போனது.